ஒரு சதவீதத்துக்குள்

பத்து இருபதுக்கு ஓடவிட்டேன், இப்போது பத்து இருபத்தாறு, திரையின் வலது மூலையில் 8.4 என்று நிற்கிறது. அது இறங்கி இறங்கி ஒன்றுக்கு வந்தால் கணக்கு முடிந்தது என்று அர்த்தம். போன வருஷம் இதே கணக்கு முடிய முக்கால் மணி நேரம் ஆயிற்று, இன்றைக்கும் அவ்வளவுதான் என்று வைத்துக்கொண்டால் பதினொன்று ஐந்துக்குத் தெரிந்துவிடும், மரியபுஷ்பத்தைக் கொன்றது நானா இல்லையா என்று. அப்பாடா, சொல்லிவிட்டேன். ஒரு வருஷமாக இந்த வாக்கியத்தைச் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறேன், நேராக உள்ளே போனதில்லை. வீட்டில் சங்கரிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் அவர் என்ன சொல்வார் என்று தெரியும், "நீ இங்க ஏசி ரூம்ல உக்காந்திருந்த, அறுநூறு கிலோமீட்டர் தள்ளி ஒரு அம்மா பாலத்துல நடந்திருக்காங்க, உனக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?" என்பார். சம்பந்தம் ஒரே ஒரு கட்டம்தான். போன வருஷத்துக் கோப்பை அப்படியே எடுத்தேன், நாலாயிரத்துச் சொச்சம் வரிசை, எதையும் தொடவில்லை. வாகைநத்தம் ஹால்ட் என்ற வரிசையில், தினமும் ஏறுகிறவர்கள் என்ற கட்டத்தில் இருந்த சுழியத்தை மட்டும் அழித்துவிட்டு 41 என்று போட்டேன். ஹால்ட் என்றால் ஸ்டேஷன் மாஸ்டர்கூட இல்லாத சின்ன நிறுத்தம், ஒரு தகரக் கூரை, ஒரு வேப்பமரம், ஒரு பெயர்ப்பலகை. நாற்பத்தொன்றைப் போட்டதால் பாசஞ்சர் வண்டி அங்கே நிற்கும் என்று விடை வந்தால் அந்தச் சுழியம்தான் அவளைக் கொன்றது, சுழியத்தைப் போட்டது நான். போட்டும் நிற்காது என்று வந்தால் நான் தப்பித்தேன். தப்பித்தேன் என்பது சரியான சொல்லா தெரியவில்லை, ஆனால் மனசு அதைத்தான் கேட்கிறது. 8.1.

என்ன வேலை என்று யாராவது கேட்டால் "கம்ப்யூட்டர்" என்று சொல்லிவிடுவேன், அதோடு கேள்வி நின்றுவிடும். உண்மையைச் சொன்னால் நீளும். துறைமுகத்தில் இறங்குகிற நிலக்கரியை எந்த வண்டியில், எத்தனை மணிக்கு, எந்த வழியாக அனுப்பினால் எந்த மின்நிலையமும் அணையாமல் இருக்கும், ஜனங்கள் போகிற வண்டிகளும் ரொம்பக் கெடாமல் இருக்கும் என்று, எண்ண முடியாத அத்தனை வழிகளிலிருந்து ஒரு வழியைத் தேடி எடுப்பது. தேடுவது இயந்திரம். எதை நல்ல வழி என்று எண்ணிக்கொண்டு தேட வேண்டும் என்று அதற்குச் சொல்லிக்கொடுப்பது நான், செண்பகவல்லி, பதினாறு வருஷமாக. போன வருஷம் ஏப்ரலில் அந்தப் பெரிய மின்நிலையத்தில் இரண்டரை நாளைக்குத்தான் நிலக்கரி இருந்தது. அது அணைந்தால் பாதி மாநிலம் இருட்டு. ராகோத்தமன் சார், எங்கள் தலைவர், ஒரு நாளைக்குப் பத்துத் தடவை என் மேஜைக்கு வந்து நின்றார். தினமும் இன்னும் ஒரே ஒரு நிலக்கரி வண்டி போனால் போதும், ஐம்பத்தெட்டுப் பெட்டி, நாலாயிரம் டன். ஆனால் தெற்கே அந்தப் பாதையில் ஒற்றைத் தண்டவாளம், எதிரும் புதிருமாக வருகிற வண்டிகள் ஸ்டேஷனில் மட்டும்தான் ஒன்றையொன்று தாண்ட முடியும். காலை ஆறு நாற்பது பாசஞ்சர் வாகைநத்தத்தில் நின்று கிளம்ப நாலு நிமிடம் ஆகும். வேகம் குறைக்க, ஒரு நிமிடம் நிற்க, மறுபடி வேகம் பிடிக்க. அந்த நாலு நிமிடத்தை எடுத்துவிட்டால் பாசஞ்சர் அடுத்த ஸ்டேஷனுக்குச் சீக்கிரம் போய்விடும், அங்கே காத்திருக்கிற நிலக்கரி வண்டி உடனே எதிர்ப்பக்கமாகக் கிளம்பிவிடலாம். எடுக்காவிட்டால் பாசஞ்சருக்குப் பின்னால் வருகிற எக்ஸ்பிரஸைத் தாண்ட வேண்டிய ஸ்டேஷனை நேரத்துக்கு எட்ட முடியாது, எக்ஸ்பிரஸும் போன பிறகு, எட்டேகாலுக்குத்தான் கிளம்பலாம், அன்றைய நாளே குலைந்துபோகும். இதை நான் கண்டுபிடிக்கவில்லை, இயந்திரம் கண்டுபிடித்தது. வாகைநத்தம், பயணிகள் சுழியம், நிறுத்தம் ரத்து. மே மாதம் முழுக்க ஒரு நாள்கூட மின்வெட்டு இல்லை. எங்கள் அலுவலகத்துக்கு ஒரு கண்ணாடிக் கேடயம் கொடுத்தார்கள், இதோ மேஜையில்தான் இருக்கிறது, பேப்பர் பறக்காமல் இருக்க வைத்திருக்கிறேன்.

சுழியம் என்று யாரும் எழுதி அனுப்பவில்லை. காலியாக இருந்தது. இதை நான் எத்தனை தடவை எனக்கே சொல்லிக்கொண்டாலும் அந்த இடத்தில் போய்ச் சிக்கிக்கொள்கிறது. காலி என்றால் தெரியாது என்று அர்த்தம், சுழியம் என்றால் யாரும் இல்லை என்று அர்த்தம், இரண்டும் ஒன்றில்லை என்று வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள், பிறகு நான் பத்துப் பேருக்குச் சொல்லிக்கொடுத்தேன். ஆனால் காலியாக இருந்தால் கணக்கு ஓடாது, முரண்டு பிடித்து நின்றுவிடும். அதனால் இந்தத் தொழிலில் எல்லோரும் செய்கிற ஒரு காரியம் உண்டு, காலி இடம் கண்டால் சுழியம் போடு என்று ஒரே ஒரு வரி எழுதிவிடுவது. ஓடவிடுவதற்கு மட்டும்தான், அப்புறம் மாற்றிக்கொள்ளலாம். அப்புறம் என்று ஒரு நாள் எந்த அலுவலகத்திலும் வந்ததில்லை. அன்றைக்கு வெள்ளிக்கிழமை, சாயங்காலம் நாலரை, ஜெபசிங் என் பக்கத்தில் நின்றுகொண்டு, "அக்கா, ஆறு ஹால்ட்ல காலியா இருக்கு. டிக்கெட் குடுக்கறவங்க நம்பர் வாங்கி ஒரு போன் போட்டுக் கேட்டுரட்டுமா?" என்றான். நான் திரையிலிருந்து தலையைத் திருப்பவில்லை. "ஹால்ட்ல யாருப்பா ஏறப்போறா, சுழியம் போட்டு ஓட்டு" என்றேன். அதே குரலில் இப்போதும் கேட்கிறது. கோபமாகக்கூடச் சொல்லவில்லை, சாப்பிட்டாயா என்று கேட்கிற குரலில் சொன்னேன். சுழியம் போட்டு ஓட்டு. அவன் சரி என்று போய்விட்டான். ஆறு போன், ஒரு போனுக்கு மூன்று நிமிடம் என்றாலும் பதினெட்டு நிமிடம். அன்றைக்கு நான் ஆறு மணிக்கு வீட்டுக்குப் போய் மாவு அரைத்தேன். 6.3.

ஜூன் மாதம் கோவில்பட்டியில் சித்தி மகள் கல்யாணம். மண்டபத்தில் பந்திக்குக் காத்திருந்தபோது நாற்காலியில் கிடந்த பேப்பரை எடுத்தேன், அந்த ஊர்ப்பக்கச் செய்திகள், ஒற்றைப் பத்தி, எட்டு வரி. வாகைநத்தம் அருகே ரயில்வே பாலத்தில் அத்துமீறி நடந்து சென்ற பெண் சரக்கு ரயில் மோதிப் பலி. மரியபுஷ்பம், வயது நாற்பத்தாறு, டவுனில் ஒரு மருத்துவமனையில் துணி துவைக்கும் வேலை. காலை ஆறு ஐம்பத்தாறு மணி. ஊர்ப் பெயரை முதலில் பார்த்தேன், பிறகு சரக்கு ரயில், பிறகு மணி. அந்த மணியை எனக்குத் தெரியும், அந்த அட்டவணையை அச்சடித்து அனுப்பியதே நான்தான். ஆறு ஐம்பத்திரண்டுக்குப் பாசஞ்சர் அடுத்த ஸ்டேஷனில் நுழைந்ததும் கிளம்புகிற வண்டி பாலத்துக்கு வர நாலு நிமிடம். யாரோ "செண்பகா, எல போட்டாச்சு, வா" என்று கூப்பிட்டார்கள். போய் உட்கார்ந்து பாயசம் வரைக்கும் சாப்பிட்டேன், சாப்பிட்டேன் என்பதை நினைத்தால் இன்றைக்கும் அருவருப்பாக இருக்கிறது. அதற்குப் பிறகு தினமும் காலையில் மிக்சியில் சட்னி அரைக்கிறபோது கண் தானாகக் கடிகாரத்துக்குப் போகிறது. ஐம்பத்திரண்டு, ஐம்பத்து மூன்று. மிக்சி ஓடுகிறது, அந்தக் கரண்ட் எங்கிருந்து வருகிறது என்று எனக்கு மட்டும் தெரிகிறது. ஐம்பத்தாறு ஆகும்போது சுவிட்சை அணைத்துவிட்டு நிற்கிறேன். "என்னாச்சு, மிக்சி சூடாயிடுச்சா?" என்று சங்கர் ஹாலிலிருந்து கேட்கிறார். ஆமாம் என்கிறேன். இப்படி ஒரு வருஷமாக எங்கள் வீட்டில் மிக்சி தினமும் சூடாகிறது. அவர் புதிது வாங்கித் தருகிறேன் என்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது, அவளை நினைத்து அல்ல, இப்படியே பழகிப்போய்விடுமோ என்று.

ஆகஸ்டில் அலுவலக வேலை என்று பொய் சொல்லிவிட்டுப் போனேன். கோவில்பட்டியில் இறங்கி, பஸ் மாறி, ஆட்டோ பிடித்து, வெயிலில் அந்த ஹால்ட்டுக்குப் போய் நின்றபோது எதற்கு வந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. தகரக் கூரைக்குக் கீழே ஒருவர் பிளாட்பாரத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தார். ஐம்பது வயசிருக்கும், இடது கால் சூம்பியிருந்தது, விளக்குமாறையே ஊன்றி ஊன்றி நடந்தார். "யாரும்மா, வண்டிக்கா? இப்ப இங்க ஒண்ணும் நிக்கதில்லயே" என்றார். "இல்லண்ணாச்சி, சும்மா பாத்துட்டுப் போலாம்னு." "பேப்பர்காரவுகளா?" ஆமாம் என்று தலையாட்டினேன், அதுவும் ஒரு பொய், அந்தப் பயணம் முழுக்கப் பொய்தான். பெயர் ஆவுடையப்பன். ஹால்ட்டில் டிக்கெட் கொடுக்கிற ஏஜென்ட், அரசாங்க வேலை இல்லை, கொடுத்த டிக்கெட்டுக்குக் கமிஷன். வண்டி நின்ற காலத்தில் அது கிடைத்தது, இப்போது ஒன்றும் கிடையாது. ஆனாலும் தினமும் வந்து பெருக்கிவிட்டுப் போகிறார், ஏன் என்று நான் கேட்கவில்லை. "எத்தன பேர் ஏறுவாங்கண்ணாச்சி?" என்றேன். யோசிக்கவே இல்லை. "காலைல நாப்பத்தொண்ணு. மழ பேஞ்சாலும் நாப்பத்தொண்ணு. கட்டட வேல, ஆஸ்பத்திரி, காலேஜி புள்ளைய ஒம்போது பேரு. யாரு வரலன்னாலும் நா டிரைவர்ட்ட கைய காட்டி நிப்பாட்டி வைப்பேன்லா." "அத யார்ட்டயும் எழுதிக் குடுக்கலியா?" "மாசாமாசம் பெரிய ஸ்டேசன்ல எழுதிக் குடுத்துருவேம்மா. தாள்ல இருக்கும். அத எவம் பாக்கான்?" பிறகு பாலத்துப் பக்கம் பார்த்துக்கொண்டு தானாகவே சொன்னார். "புஷ்பம் கணக்குல தப்பே இல்லம்மா. அத எழுதுங்க. பாசஞ்சர் போயிட்டா எட்டு மணி எக்ஸ்பிரஸ் வரைக்கும் லயன்ல ஒண்ணுமே வராது, இருவது வருசமா அப்படித்தான், இங்க பச்சப்புள்ளைக்குந் தெரியும். வண்டி நிக்காததுனால அவுக நடந்தே அடுத்த ஸ்டேசனுக்குப் போயி டவுன் பஸ் புடிப்பாக. அன்னைக்கும் பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒதுங்கி நின்னுருக்கா, பாசஞ்சர் போனப்பறந்தான் ஏறிருக்கா. ஒயர் கூடைய எடுத்துட்டு நிதானமாத்தான் நடந்துருக்கா. எதுக்கால கூட்ஸ் வரும்னு அவளுக்கு யாரு சொன்னா?" பெயர்ப்பலகைத் தூணைப் பிடித்துக்கொண்டேன். "நிப்பாட்டத எடுத்தது எவம்னு தெரியல. யாரா இருந்தாலும் ஒரு போனப் போட்டுக் கேட்டுருந்தா சொல்லிருப்பேன்" என்றார். அவர் நம்பர் டிக்கெட் ஜன்னலுக்கு மேலே நீலப் பெயின்டில் எழுதியிருந்தது, பத்து எண்ணும் தெளிவாக இருந்தது. கிளம்பும்போது, மீதி இருந்த டிக்கெட் கட்டிலிருந்து ஓர் அட்டை டிக்கெட்டை எடுத்துக் கொடுத்தார், "போட்டோ எடுத்துப் போடுங்க" என்று. அது என் பர்ஸில் இருக்கிறது, சில்லறை எடுக்கிறபோதெல்லாம் கையில் தட்டுப்படுகிறது.

3.9. பத்து நிமிடமாக 3.9. இந்த இடத்தில் எப்போதும் இப்படித்தான் முரண்டு பிடிக்கும், விசிறி மட்டும் உள்ளே சுற்றும். இந்த எண் என்ன என்று ராகோத்தமன் சாருக்கே இரண்டு தடவை விளக்கியிருக்கிறேன். இதுவரை கையில் கிடைத்த நல்ல திட்டம் ஒன்று, இதற்கு மேல் நல்ல திட்டம் இருக்கவே முடியாது என்கிற ஓர் எல்லை, இரண்டுக்கும் நடுவே இருக்கிற தூரம்தான் அது. தூரம் ஒரு சதவீதத்துக்குள் வந்தால் போதும், நிறுத்திவிடலாம் என்பது நாங்களாக வைத்துக்கொண்ட வழக்கம். "போதும்மா, பாயிண்ட் அஞ்சு பாயிண்ட் ஆறுக்கெல்லாம் யார் உசிர விடறது" என்று அவர்தான் முதலில் சொன்னார், எல்லோரும் சிரித்தோம். ஜெபசிங் காபி கொண்டுவந்து வைத்தான். போகாமல் நின்றான். அவனுக்கும் ஊர் அந்தப் பக்கம்தான், இரண்டு பிள்ளைகளுக்கு அப்பா, முன்பெல்லாம் ஓயாமல் பேசுவான், ஒரு வருஷமாகக் கேட்டதற்குத்தான் பதில். "அக்கா, இது போன வருஷ ஃபைல் இல்ல?" என்றான். சும்மா ஒரு செக் என்றேன். கொஞ்ச நேரம் திரையையே பார்த்தான். "வாகைநத்தமா?" என் வாயில் காபி அப்படியே நின்றது. "நானும் பேப்பர்ல பாத்தேங்கா." "எப்போ?" "அன்னைக்கேதான். அம்மா போன் பண்ணிச் சொன்னா." "ஏன் எங்கிட்ட சொல்லல ஜெபா?" அவன் கோபப்படவில்லை, கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நீங்களும் சொல்லலயேக்கா" என்றான். இரண்டு பேரும் எட்டடி தள்ளி உட்கார்ந்துகொண்டு ஒரு வருஷம் இதைத் தனித்தனியாகச் சுமந்திருக்கிறோம், மத்தியானம் ஒரே மேஜையில் சாப்பிட்டுக்கொண்டு. பிறகு என் கேடயத்துக்குக் கீழே இருந்த பேப்பரைக் காட்டினான். "பதினொன்றரைக்கு இதுல கையெழுத்து போடணும்ல. இதுலயும் காலி இருக்குக்கா. இருபத்திமூணு."

அதை நான் மறந்திருந்ததாகக் காட்டிக்கொண்டேன், மறக்கவில்லை. இரண்டாம் கட்டத் திட்டம், இந்தத் தடவை வேறு மூன்று பாதைகள், இரண்டு மின்நிலையங்கள், ரத்தாகப் போகிற நிறுத்தங்கள் இருபத்து மூன்று. கடைசிப் பக்கத்தில் ஒரு வரி, தரவுகள் அனைத்தும் சரிபார்க்கப்பட்டன, கீழே என் பெயர், பெயருக்கு மேலே காலி இடம். அந்தக் காலியில் சுழியம் போட முடியாது, நான்தான் போட வேண்டும். கையெழுத்துப் போடாவிட்டால் ஏன் என்று கேட்பார்கள், கேட்டால் போன வருஷத்துக் கதை வெளியே வரும், வந்தால் இந்த நாற்காலி இருக்காது, பெயரும் இருக்காது. இதற்கெல்லாம் பயமில்லை என்று சொன்னால் பொய், நன்றாகவே பயப்படுகிறேன், வீட்டுக் கடன் இன்னும் ஒன்பது வருஷம். கையெழுத்துப் போட்டால் எங்கேயோ இருபத்து மூன்று தகரக் கூரைகளுக்குக் கீழே நாளைக்கு வண்டி நிற்காது, அவற்றில் எத்தனைக்குப் பக்கத்தில் பாலம் இருக்கிறது என்று எந்தக் கட்டத்திலும் எழுதவில்லை. பாலத்துக்கென்று ஒரு கட்டமே நாங்கள் வைக்கவில்லை. 3.9. இன்று காலையில் 41 என்று அடிக்கப் போனபோதுகூட விரல் நின்றுவிட்டது. நாற்பத்தொன்றா, நாற்பதா? ஆவுடையப்பன் சொன்ன கணக்கில் அவளும் உண்டு. இன்றைக்கு உள்ள நிலவரப்படி எழுத வேண்டும் என்றால் நாற்பது. இன்னும் சரியாக எழுத வேண்டும் என்றால் வண்டியே நிற்பதில்லை, யாரும் ஏறுவதில்லை, சுழியம்தான், இப்போது அந்தச் சுழியம் உண்மையாகிவிட்டது, நாங்கள் போட்ட பொய்யை நாங்களே உண்மையாக்கிவிட்டோம். கண்ணை மூடிக்கொண்டு 41 என்று அடித்தேன். இந்தக் கோப்புக்குள்ளாவது அவள் ஒயர் கூடையோடு பிளாட்பாரத்தில் நிற்கட்டும் என்று நினைத்தேன், நினைத்ததும் அழுகை வந்துவிட்டது, மூக்கைச் சிந்துகிற மாதிரி பாவனை செய்தேன்.

2.2. திடீரென்று இறங்கிவிட்டது. 1.9. இப்போது எதை வேண்டிக்கொள்வது என்று தெரியவில்லை. நிற்காது என்று வந்தால் இன்றைக்கு மத்தியானம் நிம்மதியாகச் சாப்பிடலாம், பேப்பரில் கையெழுத்துப் போடலாம், நாளைக்கு மிக்சி ஓடும். நிற்கும் என்று வந்தால், வந்தால் என்ன, அப்போதும் அவள் எழுந்து வரப்போவதில்லை. ஆனாலும் நிற்கும் என்று வரட்டும் என்று உள்ளே எதுவோ ஆசைப்படுகிறது, தண்டனை கிடைத்தால் முடிந்துவிடும் என்கிற மாதிரி ஓர் ஆசை. இல்லை, பசப்பாதே செண்பகா, நீ தப்பிக்கத்தான் பார்க்கிறாய். தப்பிக்கப் பார்க்காவிட்டால் ஆகஸ்டிலேயே இந்த எண்ணைப் போட்டுப் பார்த்திருக்கலாமே, பத்து மாதம் பர்ஸில் டிக்கெட்டை வைத்துக்கொண்டு என்ன செய்தாய்? 1.4. தலைக்கு மேலே விசிறி சுற்றுகிறது. ஜெபசிங் அவன் இடத்தில் உட்கார்ந்து என் திரையைத்தான் பார்க்கிறான், நடுவில் தடுப்பு இருந்தாலும் தெரிகிறது. 1.2. 1.1. முடிந்தது.

வாகைநத்தம் ஹால்ட், பயணிகள் 41, நிறுத்தம் ரத்து. இன்னொரு தடவை படித்தேன். ரத்து. நாற்பத்தொரு பேரைப் போட்டும் வண்டி நிற்கவில்லை. அன்றைக்கு ஜெபசிங் போன் போட்டிருந்தாலும், ஆவுடையப்பன் மழை பேஞ்சாலும் நாப்பத்தொண்ணு என்று சொல்லியிருந்தாலும், நான் அதை ஒழுங்காக எழுதியிருந்தாலும் இதே விடைதான் வந்திருக்கும். என் சுழியம் கொல்லவில்லை. நான் இல்லை. நான் இல்லை. முதலில் பசித்தது, அது எனக்கே ஆச்சரியமாக இருந்தது, டப்பாவில் எலுமிச்சை சாதம் இருக்கிறது, இப்போதே திறந்து சாப்பிடலாம் போல இருந்தது. தோளில் இருந்து எதையோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது, ஜெபசிங்கைப் பார்த்துச் சிரித்தேன்கூட. சிரித்தபடியே பேனாவை எடுத்துக் கேடயத்தை நகர்த்திப் பேப்பரை இழுத்தேன். மூடியைத் திறந்தபோதுதான் பயம் வந்தது, ஒரு வருஷமாக வராத மாதிரி வந்தது. நாற்பத்தொரு பேர் இருக்கிறார்கள் என்று தெரிந்தும் இயந்திரம் எடுத்துவிடு என்கிறது, நான் அதற்குச் சந்தோஷப்படுகிறேன். அது என்ன, அதுவாகவா சொல்கிறது? எங்கள் கணக்கில் இரண்டு விதம் உண்டு. நிபந்தனை என்றால் மீறவே கூடாது, மின்நிலையம் அணையக் கூடாது என்பது நிபந்தனை. விருப்பம் என்றால் முடிந்தால் செய், முடியாவிட்டால் இவ்வளவு அபராதம் என்று ஓர் எண். ஹால்ட்டில் வண்டி நிற்பதை விருப்பத்தில் போட்டிருந்தோம். ஓர் ஆளுக்கு இவ்வளவு என்று அந்த எண்ணை நான்தான் போட்டேன், எந்த நாள், எந்த நேரம் என்றுகூட ஞாபகம் இல்லை, சும்மா ஒன்று போட்டு வைத்தேன். அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று.

அந்த எண்ணைக் கூட்டிப் பார்க்கலாம் என்று கை போனது, வேண்டாம் என்று விட்டேன், எவ்வளவு போட்டாலும் அது நான் போடுகிற எண்தான். அதற்குப் பதில் ஒரு வரி சேர்த்தேன். ஆறு நாற்பது பாசஞ்சர் வாகைநத்தத்தில் நிற்க வேண்டும். விருப்பம் இல்லை, நிபந்தனை. மின்நிலையம் அணையக் கூடாது என்பதற்கு அடுத்த வரியிலேயே அதை எழுதினேன். பழைய விடையிலிருந்து தொடங்கு என்று சொல்லி ஓடவிட்டேன். முடியாது, வழியே இல்லை என்று வரும் என்றுதான் நினைத்தேன், வந்தால் சரிதான், ஊருக்கே விளக்கு எரிய ஒரு நிறுத்தம் போயிற்று என்று யாரிடமாவது சொல்லி அழலாம். நாலு நிமிடம். நாலே நிமிடத்தில் முடிந்துவிட்டது. வண்டி நின்றது. நிலக்கரியும் போனது, அதே ஐம்பத்தெட்டுப் பெட்டி, அதே மின்நிலையத்துக்கு, தினமும். துறைமுகத்தில் நாற்பது நிமிடம் முன்னால் கிளப்பிவிடுகிறது, அவ்வளவுதான், வாகைநத்தத்துக்கு முந்தின ஸ்டேஷனிலேயே பாசஞ்சரைத் தாண்டிவிடுகிறது. ஏற்றுகிற ஆட்களுக்குக் கொஞ்சம் கூடுதல் வேலை நேரம், அதற்குத்தான் செலவு. எவ்வளவு என்று பார்த்தேன். பாயிண்ட் மூன்று சதவீதம். நாங்கள் போதும் என்று நிறுத்திக்கொள்கிற அந்த ஒரு சதவீதத்துக்குள் இந்தத் திட்டம் முழுசாக அடங்கிவிடுகிறது. போன வருஷமும் உள்ளேதான் இருந்திருக்கிறது. வண்டி நிற்கிற வாகைநத்தமும், ஆவுடையப்பன் கை காட்டுவதும், அவள் ஏறி ஜன்னல் பக்கம் கூடையை வைப்பதும் எல்லாம் அதற்குள் இருந்திருக்கிறது, நாங்கள் யாரும் தேடவில்லை. ஜெபசிங் எழுந்து வந்து பின்னால் நின்றிருந்தான். பார்த்துவிட்டான். "அக்கா" என்று மட்டும் சொன்னான்.

பதினொன்று இருபத்தைந்துக்கு ராகோத்தமன் சார் வந்தார். நல்ல மனிதர், யாரையும் அதட்டியதில்லை, போன ஏப்ரலில் அவர் மூன்று வாரம் சரியாகத் தூங்கவில்லை. "என்னம்மா செண்பகம், முடிஞ்சுதா? கையெழுத்து போட்டுட்டா அனுப்பிடலாம். அங்க மூணு நாள் ஸ்டாக்தான் இருக்கு" என்றார்.

"இல்ல சார். இதுல இருபத்திமூணு இடம் காலியா இருக்கு. போன வருஷமும் ஆறு இடம் காலியா இருந்துச்சு, நான்தான் சுழியம் போட்டேன். இன்னைக்கு வாகைநத்தத்துக்கு மட்டும் நிஜமான எண்ணைப் போட்டுப் பாத்தேன். நாப்பத்தொரு பேர்."

அவர் முகம் மாறியது. "அப்ப?"

"அப்பவும் வண்டி நிக்கல சார்."

மூச்சு விட்டார். நான் சற்று முன் விட்ட அதே மூச்சு. "அப்ப நம்ம மேல தப்பில்லையே. ஏன் பயமுறுத்தறீங்க?"

"நிக்கணும்னு சொல்லிப் பாத்தேன். நின்னுச்சு. நிலக்கரியும் போச்சு."

"வித்தியாசம்?"

"பாயிண்ட் மூணு."

"அது ஒரு சதவீதத்துக்குள்ளம்மா" என்றார், நிஜமாகவே ஆறுதல் சொல்கிற குரலில். "அதெல்லாம் ஒரு கணக்கே இல்ல."

"ஆமா சார். மரியபுஷ்பம் அதுக்குள்ளதான் இருந்தாங்க."

அவர் கண்ணாடியை இறக்கி என் திரையைப் பார்த்தார், வரிசை வரிசையாகக் கீழே வரை தேடினார். "மரியபுஷ்பமா? அது எந்த ஸ்டேஷன்?"

பேனாவை மூடி வைத்தேன். ஜெபசிங் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"ஸ்டேஷன் இல்ல சார். உக்காருங்க, சொல்றேன்" என்றேன்.